துளசிமணி கொண்டுவந்த சொல்

ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்து நாலு. இது என்ன கூத்து என்று கேட்க வேண்டாம். தெரியாதவர் தெரிந்தவரிடம் போய் நின்றால், நின்றவர் சீடர். அவ்வளவுதான்.

சீடரின் பெயர் தாண்டவராயன். புங்கம்பாளையம் நடுநிலைப் பள்ளியில் தமிழாசிரியர். நல்ல மனிதர், தங்கமான மனசு, ஆனால் வாய் மட்டும் ஓயாது. கல்யாண வாழ்த்தோ ஊர்க்கூட்டமோ, மைக் அவர் கைக்கு வந்துவிட்டால் திரும்பிப் போகாது.

குருவின் பெயர் செல்வநாயகி. சிறப்பாசிரியர். படிக்கவும் பேசவும் கூடுதல் துணை வேண்டியிருக்கும் பிள்ளைகளுக்காகப் பள்ளி பள்ளியாகப் போகிறவர். புங்கம்பாளையத்துக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஸ்கூட்டரில் வருவார். அவருக்குத் திக்கும். முதல் எழுத்து கொஞ்ச நேரம் தட்டுப்பட்டு நிற்கும், பிறகு சொல் முழுசாக வெளியே வரும். அதற்காக அவர் கூச்சப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

இருவரையும் சேர்த்துவைத்தவள் துளசிமணி. ஆறாம் வகுப்பு, பதினொரு வயது. பிறக்கும்போதே மூச்சுத் திணறிப் பிறந்த பிள்ளை. சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும். நினைத்ததை நாக்குக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. செல்வநாயகியோடு தனியாக உட்கார்ந்தால் அம், மா, தா என்று சில ஓசைகள் வரும். வகுப்பிலோ வீட்டிலோ அதுவும் வராது.

தாண்டவராயனுக்கு அவள் மேல் உயிர். முதல் பெஞ்சில் தன் மேசைக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார். அவள் பையை அவரே தூக்கினார். ஆடி மாசத்து ஒரு வெள்ளிக்கிழமை, தன் வயதையும் அனுபவத்தையும் ஓரமாக வைத்துவிட்டு செல்வநாயகியிடம் போய் நின்றார்.

"டீச்சர், இந்த அம்மிணியப் பேச வெக்க நான் என்னங்க பண்ணோணும்?"

"நீ... நீ... நீங்க அவளோட..."

"நெறையப் பேசோணும்! அதானுங்க டீச்சர்? நானும் அதையேதான் நெனச்சேன்."

செல்வநாயகி திறந்த வாயோடு ஒரு நிமிஷம் பார்த்தார். மணி அடித்தது. சீடர் குருவின் வாக்கைத் தலைமேல் வைத்துக்கொண்டு வகுப்புக்கு ஓடிவிட்டார்.

அடுத்த வெள்ளி செல்வநாயகி மறுபடி ஆரம்பித்தார். "சார், நா... நான் சொல்ல வந்தது..."

"பேசிட்டேதானுங்க இருக்கறேன்! ஒரு நிமிசம் விடறதில்ல."

அதோடு குரு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வகுப்பைப் பார்க்க ஆரம்பித்தார்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் ஒரு பிள்ளை வீட்டிலிருந்து ஒரு சொல் கொண்டுவர வேண்டும். முன்னால் வந்து அதைச் சொல்ல வேண்டும். சார் கரும்பலகையில் எழுதுவார், எல்லாரும் கை தட்டுவார்கள். இருபத்து மூன்று பிள்ளைகள். ஒரு சுற்று வர ஒரு மாசத்துக்கு மேல் ஆகும்.

துளசிமணியின் முறை முதல் தடவை வந்தபோது அவள் முன்னால் வந்து நின்றாள். கையை மெல்லத் தூக்கித் தலை உச்சியில் வைத்தாள். உதடு குவிந்தது.

"பூ!" என்றார் தாண்டவராயன். "பூவா கண்ணு? பூவேதான்! சபாஷ்!"

வகுப்பு கை தட்டியது. எல்லாம் மூன்று விநாடியில் முடிந்தது. மறுநாள் சார் தன் மனைவியிடம் சொல்லி ஒரு முழம் கனகாம்பரம் கொண்டுவந்து அவள் தலையில் வைத்தார். துளசிமணி அந்தப் பூவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெளியே பார்க்க ஆரம்பித்தாள்.

இரண்டாவது முறையும் அவள் தலையில்தான் கை வைத்தாள்.

"மறுபடியும் பூவா? செரி, இந்தத் தடவ மல்லிகைப்பூ!" என்றார் சார். கைதட்டல்.

மூன்றாவது முறையும் அதே. "தலவலிங்களா அம்மிணி? போய்ப் படுத்துக்க." பிள்ளைகளும் இதற்குள் பழகிவிட்டார்கள். அவள் எழுந்தாலே ஆளுக்கொன்று கத்தினார்கள். தொப்பி சார், சீப்பு சார், பேன் சார். அத்தனையும் பாசத்தில்தான். அவள் கஷ்டப்படக்கூடாது என்றுதான்.

நாலாவது முறை சார் "கிரீடம்!" என்று எழுதிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. மற்ற பிள்ளைகள் புதுசு புதுசாகக் கொண்டுவர, இவள் ஒன்றையே கொண்டுவருகிறாளே. இந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது இவ்வளவுதானா?

கார்த்திகை பிறந்ததும் துளசிமணியின் அம்மா மயிலாத்தாள் பள்ளிக்கு வந்தாள். கட்டட வேலைக்குச் செங்கல் சுமக்கிறவள். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறான், மாசத்தில் பாதி நாள் வெளியூர்.

"கோயமுத்தூர்ல ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடம் இருக்குதாமுங்க சார். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குன்னே. அங்க விட்டர்லாங்கறாரு அவரு."

"இங்கயே இருக்கட்டுமுங்க. நாங்க பாத்துக்கறமில்ல?"

"பாத்துக்கறீங்க சார். நான் இல்லீன்னு சொல்லுல. ஒரு வார்த்த வந்திருந்தா அவருகிட்ட நான் பேசி நிறுத்திப்போடுவேன். ஒண்ணுமே வரலீன்னா நான் என்னத்தச் சொல்லட்டும்?" முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இந்த மாசக் கடைசி வெள்ளிக்கெழம வர்றனுங்க. டி.சி. எழுதி வெச்சிருங்க."

பேசத் தெரிந்த தாண்டவராயனுக்கு அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

அந்த வெள்ளி செல்வநாயகி வகுப்புக்குள் வந்ததும் வராததுமாகத் தாண்டவராயன் அவரிடம் போனார்.

"டீச்சர், நீங்க சொன்னபடியே நாலு மாசமாப் பேசறேன். தொண்ட கட்டிப்போச்சு. அவ ஒரு வார்த்த பேச மாட்டேங்கறா. ஏனுங்க டீச்சர்?"

குரு சாக்பீஸை எடுத்துச் சீடரின் இடது கையில் கொடுத்தார்.

"எ... எழுதுங்க சார். உங்களுக்குப் பிடிச்ச ஒரு சொல்."

தாண்டவராயன் வலது கைக்காரர். இடது கை சொன்னபடி கேட்கவில்லை. 'க' என்று எழுதி முடிக்கவே நேரமாயிற்று. வகுப்பு முழுக்க வேடிக்கை பார்த்தது. அடுத்த எழுத்தைத் தொடங்கும் முன் செல்வநாயகி சாக்பீஸை வாங்கி, பக்கத்தில் 'கண்ணாடி' என்று எழுதி முடித்தார். கை தட்டினார். பிள்ளைகளும் தட்டினார்கள்.

"அது இல்லீங்க டீச்சர்."

செல்வநாயகி சிரித்துக்கொண்டே அழித்துவிட்டு, சாக்பீஸை மறுபடி கொடுத்தார். சீடர் மறுபடி 'க' போட்டார். குரு பிடுங்கி 'கத்தரிக்காய்' என்று எழுதினார். கைதட்டல்.

"அது இல்லீன்னு சொல்றனில்லீங்க!" சாருக்கு முகம் சிவந்துவிட்டது.

மூன்றாம் தடவை. 'க'. இந்தத் தடவை பிள்ளைகளே கத்தினார்கள். கதவு சார், கடல டீச்சர், கழுத சார்! குரு 'கழுதை' என்று எழுதினார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

தாண்டவராயன் கையை இறக்கிக்கொண்டார். 'கருப்பட்டி' என்று எழுத நினைத்திருந்தார். இனி அதை யாரிடமும் சொல்லப் பிடிக்கவில்லை. அழுகை வரும்போல இருந்தது, ஐம்பத்து நாலு வயதில். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் முதல் பெஞ்சைப் பார்த்தார்.

அங்கே துளசிமணி மட்டும் சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீயும் இங்கதான் இருக்கியா என்று கேட்கிற பார்வை.

சீடர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பூ, மல்லிகைப்பூ, தலைவலி, கிரீடம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. அவள் ஒரே சொல்லை நாலு தடவை கொண்டுவந்தது வேறு தெரியாததால் இல்லை. கொண்டுவந்ததை யாரும் இன்னும் வாங்கிக்கொள்ளாததால்.

அன்று மாலை வரை அவர் யாரிடமும் பேசவில்லை. சக ஆசிரியர்கள் காய்ச்சலா என்று விசாரித்தார்கள்.

மாசக் கடைசி வெள்ளி வந்தது. அன்றைக்கு முறை உண்மையில் கவின்ராஜுடையது. விட்டுக்கொடுக்கிறாயா என்று சார் கேட்டதும் அவன் உடனே சரி என்றான். அவனிடம் எப்படியும் சொல் ஏதும் இல்லை.

செல்வநாயகி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தாண்டவராயன் வகுப்பைப் பார்த்தார்.

"இன்னைக்குத் துளசிமணி சொல்லுவா. நாம யாரும் வாயத் தொறக்கக் கூடாது. முக்கியமா நான். என்ற வாய் மேல எனக்கே நம்பிக்கை இல்ல. அதனால எல்லாரும் தண்ணி பாட்டிலை எடுங்க. ஒரு வாய்த் தண்ணிய வாயில வெச்சுக்கங்க. முழுங்கப்படாது, துப்பப்படாது."

இருபத்திரண்டு பிள்ளைகளும் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சாரும் தன் பித்தளைச் சொம்பிலிருந்து பெரிய மடக்கு ஒன்றை வாயில் ஏற்றிக்கொண்டார்.

துளசிமணி முன்னால் வந்தாள். தலை உச்சியில் கை வைத்தாள். வழக்கம்போல நின்றாள், யாராவது சொல்லிவிடுவார்கள் என்று. யாரும் சொல்லவில்லை.

அவள் பிள்ளைகளைப் பார்த்தாள். சாரைப் பார்த்தாள். சாரின் கன்னம் பலூனாக இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தாள். அப்போதும் யாரும் சொல்லவில்லை.

"சு..." என்றாள்.

சுண்டல், சுக்கு, சுமை, சுருக்குப்பை. தாண்டவராயன் தலைக்குள் அகராதியே புரண்டது. நல்ல வேளை, வாய் நிறையத் தண்ணீர்.

"சு... ம்..."

அவள் கை இழுத்துக்கொண்டது. கழுத்து ஒருபக்கம் போயிற்று. வியர்த்தது. போதும் கண்ணு என்று சொல்லித் தூக்கிக்கொள்ள அவருக்குக் கால் பரபரத்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்துணவுக் கூடத்தில் யாரோ குழம்பு தாளிக்கிற சத்தம் கேட்டது. அது அடங்கியும் போயிற்று.

அப்போதுதான் மயிலாத்தாள் வாசலில் வந்து நின்றாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். சேலையில் செம்மண் தூள். செங்கல் கூடைக்குக் கீழே தலையில் வைக்கிற, பழந்துணியைச் சுருட்டிய அந்த வளையம் கக்கத்தில் இருந்தது. மகள் திணறுவதைப் பார்த்ததும் "ஐயோ சாமி" என்று உள்ளே வரப் பார்த்தாள். செல்வநாயகி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

துளசிமணி அம்மாவைக் கவனிக்கவில்லை. கண்ணை இறுக மூடியிருந்தாள்.

"சும்... மா..." மூச்சு வாங்கினாள். "...டு."

தமிழாசிரியரின் வாய்த் தண்ணீர் முழுக்க முதல் பெஞ்சின் மேல் பீய்ச்சி அடித்தது.

"சும்மாடு! சும்மாடு!"

அதற்குப் பிறகு வகுப்பில் எங்கும் தண்ணீர்தான். நோட்டில், சட்டையில், கரும்பலகையில். பிள்ளைகள் கத்திய கத்தில் தலைமையாசிரியர் எழுந்து ஓடிவந்தார்.

மயிலாத்தாள் கக்கத்திலிருந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"தெனமும் காலீல நான் இத சுத்தறப்ப பக்கத்துல உக்காந்து பாப்பாளுங்க. இதைய ஒரு சொல்லுன்னு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டாந்திருக்குதே..." சும்மாட்டிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

துளசிமணி நடந்து போய் அந்தச் சும்மாட்டை வாங்கினாள். அம்மாவின் தலையில் அதைச் சரியாக வைத்தாள். ஈரப் பலகையில் சார் அந்தச் சொல்லைப் பெரிதாக எழுதினார். எழுத்து வழிந்தது, அழகாகவே இருந்தது.

டி.சி.யைப் பற்றி மயிலாத்தாள் கேட்கவே இல்லை. புருஷனோடு பேசிக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னாள். அவள் சொன்ன விதத்தில், அவன் பாடு திண்டாட்டம்தான் என்று தெரிந்தது.

மாலையில் செல்வநாயகி ஸ்கூட்டரைக் கிளப்பும்போது தாண்டவராயன் பக்கத்தில் வந்து நின்றார். சட்டை இன்னும் காயவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமுங்களா?"

செல்வநாயகி வண்டியை அணைத்தார்.

"அன்னைக்கு, மொதல் நாளு, அவளுக்கு நான் என்ன பண்ணோணும்னு கேட்டேன். 'நீங்க அவளோட'ன்னு ஆரம்பிச்சீங்க. மிச்சத்த நானே சொல்லிப்போட்டுப் போயிட்டேன். அன்னைக்கு நீங்க சொல்ல வந்தது என்னங்க?"

"நீ... நீ..."

சீடருக்கு நாக்கு நுனியில் மூன்று பதில் தயாராக இருந்தது. மூன்றும் நல்ல பதில். அவர் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

"நீ..."

சாலையில் ஒரு பஸ் வந்து, ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று. பள்ளிக்கூட வாசலில் ஆடுகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. அவர் நின்றுகொண்டே இருந்தார். குருவின் முகத்தை விட்டு அவர் பார்வை நகரவில்லை.

செல்வநாயகிக்குக் கண் கலங்கியது. சிரித்தார்.

"நீங்க இப்ப நின்னீங்களே சார். அதைத்தான்."