அடிப்பலகை இல்லாத பல்லக்கு

ரொம்பக் காலத்துக்கு முன்னால் தாமரைத்துறை நாட்டை விக்கிரமசேகரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்பதைவிட உட்கார்ந்திருந்தார் என்றால் பொருத்தமாக இருக்கும். அரண்மனைக்குள் அவர் கொஞ்சம் நின்றால் போதும், நாலு பக்கமிருந்தும் நாற்காலி ஓடிவரும். வெளியே போனால் பல்லக்கு. ராஜா தெருவில் கால் ஊன்றினால் நாட்டுக்கு ஆகாது என்று பாட்டன் காலத்து வழக்கம்.

ராஜாவுக்கு நீரிழிவு வந்து பல வருஷம் ஆகியிருந்தது. கூடவே முழங்கால் வலி. ஒருநாள் சபையிலேயே வைத்தியர் சொல்லிவிட்டார்: "மருந்து பாதி வேலைதான் செய்யும், மகாராஜா. மீதியைத் தங்கள் கால்தான் செய்யவேண்டும். இப்படியே உட்கார்ந்திருந்தால், நாளைக்கு நிற்க ஆசைப்பட்டாலும் முடியாது."

"கால் வலிக்கிறவனைப் பார்த்து நட என்கிறீரே! உமக்கு இரக்கமே கிடையாதா?"

பல்லக்குகளை நிர்வகித்த தாண்டவராயர் குறுக்கே பாய்ந்தார். மந்திரி பதவிமேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். "ராஜா தெருவில் நடப்பதா? எதிரி நாட்டான் கூத்தே கட்டிவிடுவான்! நம் மந்திரியார்தான் தினமும் ஆற்றங்கரையில் நடக்கிறாரே. அவரே ஒரு வழி சொல்லட்டும்."

மந்திரி மாசிலாமணிக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிளைப்பு. இந்த வைத்தியர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக நடந்துதான், சபைப் படிகளை யார் கையும் பிடிக்காமல் ஏறும் நிலைக்கு வந்திருந்தார். அதில் அவருக்கு வெளியே சொல்லாத பெருமை உண்டு.

ராஜா அவர் பக்கம் திரும்பினார். "மாசிலாமணி, நான் நடக்கவும் வேண்டும், அதை ஊர் பார்க்கவும் கூடாது. செய்துகாட்டினால் வேண்டியதைக் கேள். என் மானம் போனால், நீ நாட்டைவிட்டே போ."

"அவ்வளவுதானே? மகாராஜா பல்லக்கிலேயே போகலாம்," என்றார் மந்திரி.

மறுநாள் விடிந்ததும் பல்லக்கு வந்து நின்றது. பட்டுத்திரை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ராஜா உள்ளே நுழைந்தார். அடுத்த நொடி சத்தம் கேட்டது.

"மாசிலாமணி! உட்காரும் அடிப்பலகை எங்கேயய்யா?"

"தாண்டவராயருக்குத் தெரியாமல் கழற்றச் சொல்லிவிட்டேன், மகாராஜா."

"கால் தரையில் இருக்கிறதே!"

"திரைக்குள்தானே இருக்கிறது? வைத்தியர் கொடுத்தனுப்பிய மெத்தென்ற செருப்பை மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள்."

திரைக்குள்ளிருந்து ராஜா சிரிக்கும் சத்தம் கேட்டது. பல்லக்கு நகர்ந்தது. மந்திரி பக்கத்திலேயே நடந்தார்.

"ஐயோ, மூச்சு வாங்குகிறது! நீ ஒரு துரோகி, கொடும்பாவி..."

"என்னைத் திட்ட முடிகிறவரை நடக்கலாம், மகாராஜா. திட்ட வராவிட்டால் உடனே நின்றுவிடுவோம்."

அன்றைக்குக் கோயில் மதில் முனையோடு திரும்பிவிட்டார்கள். முழங்கால் வீங்கிய நாளில் போகவில்லை. நாளாக ஆக, மதிலைத் தாண்டிக் குளக்கரை, குளத்தைத் தாண்டிக் கடைத்தெரு என்று தூரம் கூடியது. வைத்தியர் மருந்தைக்கூடக் கொஞ்சம் குறைத்தார். வெறும் சட்டத்தைச் சுமந்த பல்லக்குத்தூக்கிகளுக்கோ ஒரே கொண்டாட்டம். "ராஜா இறகாட்டம் ஆயிட்டாருப்பா!" என்று ஒருத்தன் கடையில் உளறிவைத்தான். அது தாண்டவராயர் காதுக்குப் போயிற்று.

திருவிழா அன்று கடைத்தெரு நிறையக் கூட்டம். பல்லக்கு வந்தபோது காற்று திரையை லேசாகத் தூக்க, உள்ளே இரண்டு கால்கள் நடப்பதைத் தாண்டவராயர் பார்த்துவிட்டார்.

"பிடியுங்கள் மந்திரியை! பல்லக்குக்குள் எவனையோ நடக்கவிட்டு நம்மை ஏமாற்றுகிறான்!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து திரையைச் சர்ரென்று இழுத்தார்.

உள்ளே ராஜா. வியர்த்து வழிய, தெருவில் கால் ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

இன்றோடு ஊரைவிட்டுக் கிளம்பவேண்டியதுதான் என்று மாசிலாமணி நினைத்துக்கொண்டார்.

அப்போது ஒரு பூக்காரி வாய்விட்டுச் சொன்னாள்: "அடி ஆத்தே! நம்ம ராஜாவுக்குக் காலு நல்லாத்தான் இருக்குதா? நான் பொறந்ததிலிருந்து அவரு நொண்டின்னுல்ல நெனச்சேன்!"

"நானுந்தான்!" "எங்க வீட்லயும் அப்படித்தான் சொல்லுவாங்க!" என்று கூட்டம் மொத்தமும் ஆரம்பித்தது. பிறகு எங்கிருந்தோ ஒரு கைதட்டல். அது தெரு முழுக்கப் பரவிற்று.

ராஜா திகைத்துப்போனார். எதைப் பார்த்து ஊர் சிரிக்கும் என்று இத்தனை வருஷம் ஒளிந்தாரோ, அதைப் பார்த்து ஊர் கைதட்டுகிறது! அவர் முதுகு தானாக நிமிர்ந்தது.

தாண்டவராயர் மட்டும் விடவில்லை. "வழக்கத்தை மீறிவிட்டீர்களே! நாட்டுக்கு என்ன கேடு வருமோ!"

"மகாராஜா கோடையிலிருந்தே நடக்கிறார்," என்றார் மாசிலாமணி. "அதற்கப்புறம் நல்ல மழை பெய்தது. உங்கள் வீட்டில் பேரன் பிறந்தான். இதில் எது கேடு, தாண்டவராயரே?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரித்தபடி சட்டத்துக்கு வெளியே வந்தார். "வழக்கத்தின்மேல் உமக்கு இவ்வளவு பக்தி இருக்கிறதே, நீரே பல்லக்கில் ஏறும்!"

அடிப்பலகை இல்லாத பல்லக்குக்குள் தாண்டவராயர் தலைகுனிந்து நடக்க, பக்கத்தில் ராஜா தலைநிமிர்ந்து நடந்தார். பூக்காரி கூடவே வந்தாள். "எனக்கும் சர்க்கரைதான் சாமி. நானும் நடக்கலாமா?"

"வைத்தியரைக் கேட்டுக்கொண்டு வாம்மா. வலி போய்விடாது, நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அதையும் கூட அழைத்துக்கொண்டே இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன், பார்!"

"உனக்கு என்ன பரிசு வேண்டும்?" என்று அன்றைக்கே ராஜா மந்திரியைக் கேட்டார். மாசிலாமணி நாளைக்குச் சொல்வதாகச் சொன்னார்.

மறுநாள் காலை மாசிலாமணி அரண்மனை வாசலுக்கு வந்தபோது அங்கே காவல்காரனைத் தவிர ஒருவரும் இல்லை. காவல்காரன் சொன்னான்: "ராஜா அப்பவே கிளம்பிட்டாருங்க. பூக்காரம்மா, கால் வீங்கின கொல்லர், இன்னும் ஒரு பட்டாளமே கூடப் போகுது. மந்திரி வந்தா வேகமா வரச் சொன்னாரு."

தெருக்கோடியில் ராஜாவின் தலைப்பாகை கூட்டத்துக்கு நடுவே அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தது. மாசிலாமணி துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். பரிசு கேட்கும் எண்ணமே அவருக்கு மறந்துபோயிற்று.