நூற்றுப் பதினேழாம் நம்பர் கம்ப்யூட்டர்

எங்கள் ஆன்லைன் தேர்வு மையத்தில் குருவுக்கு வயது முப்பத்தொன்று. பெயர் பல்கீஸ். சீடருக்கு நாற்பத்தெட்டு. பெயர் தாணுமூர்த்தி. சீடர் ‘மேடம்’ என்பார், குரு ‘அண்ணாச்சி’ என்பார். எங்களுக்கெல்லாம் பழகிவிட்டது.

போன தேர்வில் ஒரு பெண்ணின் கம்ப்யூட்டர் நெட்வொர்க் அறுந்து இருபது நிமிடம் நின்றுபோனது. கையைத் தூக்கினால் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வயது வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசித் தேர்வு. அன்று டியூட்டியில் இருந்தவர் தாணுமூர்த்தி. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை மனிதர்.

இன்று தேர்வுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது மாடி கண்ட்ரோல் ரூமிலிருந்து அவர் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டது.

“மேடம்! ஓடி வாங்க! முடிச்சிட்டேன்!”

பல்கீஸ் வந்தார்.

“இருந்த இடத்துல இருந்தே இருநூத்தி நாப்பது கம்ப்யூட்டருக்கும் அலர்ட் போட்டாச்சு! ஒண்ணையும் போய்த் தொடலை! எவனாவது பென்டிரைவ் சொருகினா எனக்கு மெசேஜ் வரும். நெட்வொர்க் அறுந்தாலும் வரும். இனிமே ஒரு பிள்ளைக்கும் அந்தக் கதி வராது மேடம்!”

“சோதிச்சுப் பாத்தீங்களா?”

“பாக்காம இருப்பேனா! லேப்ல பென்டிரைவ் சொருகச் சொன்னேன். டிங்குன்னு வந்துச்சு! அடேயப்பா, புல்லரிச்சுப் போச்சு!”

“பலே அண்ணாச்சி!” என்று சிரித்துவிட்டு பல்கீஸ் வெளியே போனார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஏதாவது மெசேஜ் வந்துச்சா?”

“ஒண்ணும் இல்லை. எல்லாம் ஜம்முன்னு இருக்கு!”

“இன்னும் கொஞ்சம் பாப்போமே.”

பத்து நிமிடம் பார்த்தார்கள். திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள். அலர்ட் வந்தால்தான் புள்ளி சிவப்பாகும். ஒன்றுகூட ஆகவில்லை. தாணுமூர்த்திக்கு வாயெல்லாம் பல்.

“வாங்க, ஒரு டீ குடிச்சிட்டு வருவோம். லேப் வழியாவே போகலாம்” என்றார் பல்கீஸ்.

மூன்றாவது லேபில் நூற்றுப் பதினேழாம் நம்பர் கம்ப்யூட்டர் முன்னால் அவர் நின்றார். நெட்வொர்க் கேபிள் தரையில் கிடந்தது. திரையில் வரிசையாக எழுத்து: நெட்வொர்க் அறுந்தது. தகவல் அனுப்பப்படுகிறது. அனுப்ப முடியவில்லை. மீண்டும் அனுப்பப்படுகிறது. பதினோரு தடவை அதே வரிகள்.

தாணுமூர்த்திக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஐயையோ! இது கத்திக்கிட்டேதான் இருந்திருக்கு! யாரு பிடுங்கினது?”

“நான்தான்.”

“சே! அறுந்தது அந்தக் கேபிள். மெசேஜ் வரவேண்டிய வழியும் அதே கேபிள். பிறகு எனக்கு எப்படி வந்து சேரும்? என் மண்டையில எதுதான் இருக்கோ!” குனிந்து கேபிளைச் சொருகினார். “மேடம், இன்னும் முக்கால் மணி நேரம்கூட இல்லை. அறுந்துபோனா அது எனக்கு எப்படிச் சொல்லும்? சட்டுன்னு சொல்லுங்க!”

“அது சொல்லாது அண்ணாச்சி. நீங்கதான் நிமிஷத்துக்கு ஒரு தடவை ‘இருக்கியா’ன்னு கேக்கணும். பதில் வராத இடத்துக்கு ஓடணும்.”

“இருநூத்தி நாப்பதையுமா? நல்லா இருக்கிறதை எதுக்குக் கேக்கணும்?”

“கேக்காமலே அது நல்லா இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”