பெரியவள் தாமதமாகச் சொன்ன 'வா'

நட்சத்திர மண்டலங்கள் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த காலம் அது. கூட்டமாக ஒரே ஊரில் குடியிருந்தன. ஊர் நடுவில் இருந்தவள் வடிவாம்பாள். அப்போது அவள் இவ்வளவு பெருத்தவள் இல்லை, மற்றவர்கள் மாதிரிதான். வீம்பு மட்டும் அப்போதே மலையளவு!

அவள் தங்கை பூங்காவனம் வெளியூரில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணத்தில் முதல் வெற்றிலை பாக்கை அக்காளுக்கு வைக்காமல் வேறு யாருக்கோ வைத்துவிட்டார்கள். அதோடு அக்காளுக்கும் தங்கைக்கும் பேச்சு நின்றுபோயிற்று.

இப்போது பூங்காவனம் பிள்ளைத்தாய்ச்சி. வயிறு நிறையக் குளிர்ந்த முகில், அதற்குள் பிறக்காத நட்சத்திரங்கள். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தானே? தாய் இல்லாத வீட்டில் அக்காள்தானே தாய்? கிளம்பி வந்துவிட்டாள். ஆனால் அந்த ஊர் எல்லையில் ஒரு சுடுகாற்று வீசும். நின்றால் வயிற்று முகிலை உருவிக்கொண்டு போய்விடும். அப்படியும் அவள் எல்லையிலேயே நின்றாள்.

பக்கத்து வீட்டுச் சொர்ணம் பதறி ஓடிவந்தாள். "வடிவு, உன் தங்கச்சி வந்து நிக்கிறா. 'வா'ன்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

"அவ பிறந்த வீடு, அவ வரட்டும். நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?"

சொர்ணம் எல்லைக்கு ஓடினாள். "உள்ள போடி, காத்து ஏறுது!"

"கூப்பிடாத வீட்டுக்குள்ள எப்படிப் போறது சொர்ணக்கா? அக்கா வாயால சொல்லட்டும்."

காற்று ஏறியது. பூங்காவனத்தின் முகில் நூல்நூலாகப் பின்னால் பிரிந்தது. அதில் குறைமாதப் பிள்ளைகள் சில மினுக்கென்று பிறந்து, தாயைத் தேடி, இருட்டில் போய் மறைந்தன. வடிவாம்பாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். அடிப்பாவி, விழுங்குகிற நேரமா அது!

"அக்கா! எல்லாம் போகுதே அக்கா!"

அந்த அலறலில் வீம்பெல்லாம் நொறுங்கியது. "வாடி! என் கண்ணே, வாடி!" என்று கத்தினாள். காற்றின் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?

வடிவாம்பாளின் நெஞ்சுக்குழியில் ஒரு கரும்பள்ளம். அதில் நெருப்பு அடங்கிக் கிடந்தது. திறந்துவிட்டால் காற்று விலகும். ஆனால் அவள் வயிற்றிலும் பிறக்காத நட்சத்திரங்களோடு முகில் இருந்ததே, அந்தச் சூட்டில் அதுவும் காய்ந்துபோகும்.

"உன் வயித்தைப் பாருடி வடிவு!" என்று தடுத்தாள் சொர்ணம்.

"பாத்துட்டுத்தான் திறக்கிறேன்."

இரண்டு பக்கமும் நெருப்பு சீறிப் பாய்ந்தது. காற்று பிளந்து வழிவிட்டது. பூங்காவனம் தள்ளாடி வந்து அக்காள் மடியில் விழுந்தாள். மிச்சமிருந்த முகிலில் கொஞ்சம் பிள்ளைகள் நீலமாகப் பிறந்தன.

"ஏன்க்கா இவ்வளவு நேரம்?" என்று கேட்டாள் பூங்காவனம். வடிவாம்பாள் தங்கையைக் கட்டிக்கொண்டாள். அழுதாள். தங்கை பிள்ளைகளோடு அந்த மடியிலேயே கரைந்து, அக்காளோடு ஒன்றாகிப்போனாள்.

அன்றைக்குக் காய்ந்த வயிறுதான், நடுவில் இருக்கும் பெரியவளுக்கு இன்றுவரை புது நட்சத்திரம் பிறப்பது அபூர்வம். பழைய செவ்வெளிச்சத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். அன்று முதல்தான், எல்லையில் யார் தலை தெரிந்தாலும், உறவா அசலா என்று கேட்காமல், அவர்கள் நிற்பதற்கு முன்பே "வா, வா" என்று இழுத்து மடியில் போட்டுக்கொள்கிறாள். போட்டுப் போட்டுத்தான் இவ்வளவு பெருத்துவிட்டாள்.