முருங்கை தன் வலுவை விட்ட கதை

அந்தக் காலத்தில் மரத்துக்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சுத்தான். ஒரு மரத்தை வெட்ட வேண்டுமென்றால் அதனிடம் கேட்டுத்தான் வெட்ட வேண்டும். வெட்டிய கட்டையும் உடனே செத்துப்போவதில்லை. எங்கே கொண்டுபோய் நட்டாலும் தாய்மரத்தோடு அதற்கு உறவு அறாது. தாய்க்கு வலித்தால் கட்டைக்கும் வலிக்கும்.

அப்போது மரங்களிலேயே வைரம் பாய்ந்தது முருங்கைதான். கருங்காலியெல்லாம் அதற்கு அடுத்தபடி. யானை வந்து முட்டினாலும் முருங்கையில் ஒரு பூ உதிராது. தூணுக்கும் உத்தரத்துக்கும் ஊரெல்லாம் அதைத்தான் கேட்டு வரும்.

மலையடிவாரத்தில் ஓர் ஓடை இருந்தது. ஓடையின் தலைமாட்டில் மேல்குடி, கால்மாட்டில் கீழ்குடி. கீழ்குடியில் தும்பாயி என்றொருத்தி ஆடு மேய்த்து வாழ்ந்தாள். அவளுக்குப் புருஷன் இல்லை, பயமும் இல்லை. ஊரில் சண்டை வந்தால் இரண்டு பக்கத்தாரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் யாருக்கும் குழைந்து பேசமாட்டாள் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஒரு கோடையில் ஓடை நின்றுபோயிற்று. கோடையில் ஓடை மெலிவது வழக்கம்தான், அடியோடு நின்றது கிடையாது. மணலில் ஊற்றுத் தோண்டினார்கள். முதலில் கலங்கல் வந்தது, பிறகு சேறு வந்தது, பிறகு அதுவும் இல்லை. தும்பாயியின் மூத்த ஆடு செவலை முழங்காலை மடித்து மணலில் படுத்தது.

"என்னால இனி ஆகாது தாயி. குட்டிகளைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

தும்பாயி அதன் நெற்றியைத் தடவிவிட்டு எழுந்தாள். ஓடைத் தடத்தைப் பிடித்து மலைப்பக்கம் ஏறினாள்.

மேல்குடியில் அவள் கண்டது ஒரு சுவர். முருங்கைக் கட்டைகளை ஓடைக்குக் குறுக்கே நெருக்கி நட்டு, இடுக்கிலெல்லாம் கல்லும் களிமண்ணும் அடைத்திருந்தார்கள். அதன் பின்னால் தண்ணீர் நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது. கரையோரம் கயிற்றுக்கட்டிலில் மேல்குடித் தலைவன் வேட்டரையன் சாய்ந்திருந்தான்.

"எங்க தண்ணிய மறிச்சு வச்சிருக்கீங்க. திறந்து விடுங்க" என்றாள் தும்பாயி.

"விடறேன். உங்க ஊர் மொத்தமும் வந்து என் கால்ல விழணும். இனிப் பொறக்கற பிள்ளை வரைக்கும் எனக்கு அடிமைன்னு சத்தியம் பண்ணணும். வந்தது வந்துட்ட, நீயே முதல்ல விழு."

தும்பாயிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்தெடுத்துப் பேசினாள். "எங்க ஊர்ல தாகத்துல செத்தவங்க உண்டு. கால்ல விழுந்து பொழச்சவங்க கிடையாது."

வேட்டரையன் சிரித்தான். "அப்ப நீயே தள்ளித் திறந்துக்கோ. முருங்கைக் கட்டை! உன் பேரன் காலத்துக்கும் நிக்கும்."

தும்பாயி தள்ளித்தான் பார்த்தாள். தோள் கொடுத்தாள், முதுகு கொடுத்தாள், உள்ளங்கை உரிந்தது. ஒரு சிராய்கூடப் பெயரவில்லை. மேட்டில் நின்ற பெரிய முருங்கையின் அடியில் வந்து உட்கார்ந்தாள். அதுதான் அந்தக் கட்டைகளுக்கெல்லாம் தாய்.

"மாட்டுக்குக் கொட்டகை போடணும்னு கேட்டான். நம்பிக் குடுத்தேன்" என்றது மரம். "என் வேர் தண்ணியில ஊறுது தும்பாயி. கீழே உன் ஆடு சாகுது. என் வலுவை வச்சு ஒரு ஊரோட தொண்டையை நெரிக்கிறான்."

"உன்மேல என்ன தப்பு? ஏமாத்தினவன் அவன்."

"தப்பு யாருதோ, வலு என்னுது. அதை நான் விட்டுடப்போறேன். தாய் விட்டா கட்டையும் விடும்."

தும்பாயி நிமிர்ந்து பார்த்தாள். "விட்டுட்டு?"

"விட்டா விட்டதுதான். திரும்பி வராது. அப்புறம் ஒரு சின்னப்பிள்ளை ஏறினாக்கூட என் கொம்பு தாங்காது. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். நீ என் பெரிய கொம்பைப் பிடிச்சுத் தொங்கு, போதும். வெளியிலேருந்து ஒரு கை படணும்."

தும்பாயிக்கு உடனே கை எழவில்லை. ஊரே வாய்பிளந்து பார்க்கிற மரம். தன் கையாலா அதன் பெருமை போக வேண்டும்? கீழே ஓடை மணலில் ஊற்றுத் தோண்டுகிறவர்களின் நினைவும் வந்தது.

"பொறு. தண்ணி வர்ற வழியில எங்க சனம் நிக்குது. முதல்ல அவங்க மேடேறணும்."

வேலியோரம் தத்திக்கொண்டிருந்த செம்போத்துப் பறவையைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினாள். அது வெயில் சாய்கிற வேளையில் திரும்பி வந்தது. "ஆளும் ஆடும் எல்லாம் மேட்டுல" என்று மூச்சிரைக்கச் சொன்னது.

தும்பாயி மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எட்டிக் கொம்பைப் பிடித்துத் தன் கனத்தையெல்லாம் அதில் விட்டாள்.

அதுவரை எல்லாருக்கும் பொதுவான அந்தப் பேச்சில் மெல்ல அழிவதற்குத்தான் சொற்கள் இருந்தன. தேய்ந்தது என்பார்கள், நைந்தது என்பார்கள், உளுத்தது என்பார்கள். நின்றது நின்றபடி இல்லாமல் போவதை யாரும் பார்த்ததில்லை, ஆகையால் அதற்குச் சொல்லும் இல்லை. அன்றைக்கு முருங்கையே அதைச் சொன்னது.

மளுக்!

கொம்போடு தும்பாயி தரையில் கிடந்தாள். சுவரில் நடுக்கட்டை அதே சொல்லைச் சொன்னது. அடுத்த கட்டையும் சொன்னது. பிறகு எல்லாம் சேர்ந்து மளமளவென்று முறிந்தன. களிமண் பொலபொலவென்று உதிர, கல்லெல்லாம் தடதடவென்று உருள, மிச்சமிருந்த சுவர் மடாரென்று சரிந்தது. தண்ணீர் கீழ்குடியைப் பார்த்து ஓடிற்று. வேட்டரையனின் கட்டிலும் அதோடு போயிற்று. அவன் ஒரு வேரைப் பிடித்துத் தொப்பலாகக் கரையேறினான். சேற்றில் நின்றவனைப் பார்த்து மேல்குடிச் சனமே சிரித்தது. அவனிடம் இருந்த பயம் அவர்களுக்குப் பொசுக்கென்று போய்விட்டது.

"முட்டாள் மரமே!" என்று அவன் முருங்கையைப் பார்த்துக் கத்தினான். "இனி எவன் உன்னைத் தூணுக்குக் கேப்பான்?"

"எவனும் கேக்கக் கூடாதுன்னுதான்" என்றது முருங்கை.

முறிந்த கொம்பை எறிந்துவிட்டு வரத் தும்பாயிக்கு மனம் வரவில்லை. தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் நக்கிக்கொண்டிருந்த குட்டிகளைத் தாண்டிப் போய், வீட்டுப் பக்கத்தில் ஈரமண்ணில் அதை ஊன்றினாள். வேரில்லாத கொம்பு. ஆனால் நடந்ததையெல்லாம் மண் பார்த்துக்கொண்டுதானே இருந்தது? அடுத்த வாரமே கணுவுக்குக் கணு துளிர் வைத்தது. ஓடை நின்றதால் வந்த பஞ்சம் தீரும்வரை கீழ்குடி அடுப்புகளில் அந்தக் கீரைதான் வெந்தது.

அன்று முதல்தான் முருங்கைக் கொம்பு முன்னறிவிப்பில்லாமல் மளுக்கென்று முறிகிறது, முறித்து எங்கே ஊன்றினாலும் துளிர்க்கிறது. முருங்கை பருத்தால் தூணாகுமா என்று அறியாதவர்கள் ஏளனமாகக் கேட்பார்கள். கீழ்குடிக்காரர்கள் மட்டும் தலை நிமிர்ந்து பதில் சொல்வார்கள்: "ஆகாது. எங்களுக்காக வலுவே வேண்டாம்னு சொன்ன மரம் அது."