கொறுக்கைமேடு எந்தத் தொகுதி?

சிற்றம்பலச் சாமியைத் தேடி மடத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அழுதுகொண்டு வருவார்கள். பொற்கொடி மட்டும் திட்டிக்கொண்டு வருவாள்.

அவள் தென்மருதூர் தொகுதியின் எம்.எல்.ஏ. இரண்டாவது முறையாக ஜெயித்தவள். சாமியைவிடப் பத்து வயது மூத்தவள். புருஷன் இறந்த வருஷம் மனசு சரியில்லாமல் மடத்துக்கு வர ஆரம்பித்தாள். மனசு சரியான பிறகும் வருவதை நிறுத்தவில்லை. வெளியே யாரையும் வாய்விட்டுத் திட்ட முடியாத பிழைப்பு அவளுடையது.

அன்று அவள் வந்தபோது சாமி மடத்துச் சமையல்கட்டில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார்.

“கிழிச்சுட்டானுவ சாமி. என் தொகுதியைத் தாறுமாறா கிழிச்சுட்டானுவ.”

கையிலிருந்த வரைபடத்தைத் தரையில் விரித்தாள். தொகுதிகளின் எல்லைகளைத் திருத்தி வரைந்துகொண்டிருந்தார்கள். இது வரைவுதான். மறுநாள் ஜில்லாத் தலைநகரில் கருத்துக்கேட்புக் கூட்டம். ஆட்சேபணை உள்ளவர்கள் நேரில் வந்து சொல்லலாம்.

“வடகரை ஊரெல்லாம் போச்சு. ஆத்துல பாலம் கட்டிக் குடுத்தேன். கல்யாணம் காதுகுத்துன்னு ஒண்ணு விடாம போய் நின்னேன். ஓட்டுப்பெட்டியைத் திறந்தா வடகரைதான் என்னைத் தூக்கி நிறுத்தும். அதை அப்படியே வெட்டி அடுத்த தொகுதிக்குக் குடுத்துட்டான். பதிலுக்கு என் தலையில என்னத்தைக் கட்டியிருக்கான் தெரியுமா?”

“என்னத்தை?”

“கொறுக்கைமேட்டை.”

சாமி வாழைப்பூவின் அடுத்த மடலை உரித்தார். “அது நம்ம பக்கத்து ஊருதானே.”

“பக்கத்து ஊருதான். ஆனா பெருஞ்சாலைக்குக் கிழக்கால இருக்கு. சாலைதான் இப்ப இருக்கிற எல்லை. கிழக்கால இருக்கிறதெல்லாம் மாசிலாமணி தொகுதி.”

மாசிலாமணி பக்கத்துத் தொகுதியின் எம்.எல்.ஏ., எதிர்க்கட்சிக்காரர். அவளும் அவரும் ஒரே மேடையில் ஏறினால் மைக்குக்கே பயம் வரும் என்று ஊரில் சொல்வார்கள்.

“நாளைக்கு நீங்க கூட்டத்துக்கு வரணும் சாமி. உங்க வார்த்தைக்கு மதிப்பு இருக்கு. வடகரையும் தென்கரையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு, பிரிக்கக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒரே சந்தை, ஒரே பஸ்ஸு. கொள்வினை கொடுப்பினை எல்லாம் இங்கேயும் அங்கேயும்தான்.”

“கொறுக்கைமேட்டுக்காரங்க எந்தச் சந்தைக்கு வர்றாங்க?”

“நம்ம சந்தைக்குத்தான்.”

“பொண்ணு எங்கே குடுக்கிறாங்க?”

“சாமி, என் வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க. போன தேர்தலை அவனுவ புறக்கணிச்சானுவ. கறுப்புக்கொடி கட்டி, ஒரு ஓட்டு விழலை. நாளைக்கு எனக்கு மட்டும் போட்டுடுவானுவளா?”

“அப்ப அதையே கூட்டத்துல சொல்லிடுங்களேன்.”

“எதை?”

“எனக்கு ஓட்டுப் போடாத ஊரு எனக்கு வேணாம்னு.”

பொற்கொடி வரைபடத்தைப் படாரென்று மடக்கினாள். “அப்படியெல்லாம் சொல்ல முடியுமா சாமி? நிர்வாக வசதின்னு சொல்லணும். மனுவோட கடைசிப் பக்கத்துல அப்படித்தான் எழுதி வெச்சிருக்கேன். நீங்க வர்றீங்களா இல்லையா?”

“வர்றேன். போற வழியில கொறுக்கைமேட்டுல கொஞ்சம் நிறுத்தணும்.”

“எதுக்கு?”

“நானும் பார்த்ததில்லை.”

மறுநாள் காலையில் பெருஞ்சாலை ஓரம் கார் நின்றது. சாலைக்கு மேற்கே, கூப்பிடு தூரத்தில், பொற்கொடி தன் நிதியில் கட்டிய மேல்நிலைத் தொட்டி நின்றது. அவள் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். கிழக்கே கொறுக்கைமேடு. தொட்டியிலிருந்து கிளம்பிய குழாய் மேற்கே இருந்த தெருக்களுக்கெல்லாம் போயிருந்தது. சாலையைத் தாண்டவில்லை. கிழக்குப் பக்கத்துப் பெண்கள் இடுப்பில் குடத்தோடு சாலையோரம் வரிசையாக நின்று, லாரிகளுக்கு நடுவே இடைவெளி பார்த்து ஓடிக் கடந்தார்கள்.

முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் தென்னங்கீற்று முடைந்துகொண்டிருந்தாள். பெயர் அஞ்சலை. ஒரு காலை மடித்திருந்தாள். இன்னொரு கால் முழங்காலோடு முடிந்திருந்தது.

பொற்கொடிக்கு அவளைத் தெரியும். முகம் நினைவில்லை, கதை தெரியும். தண்ணீர்க் குடத்தோடு சாலையைக் கடக்கும்போது மணல் லாரி அடித்துவிட்டது. அதற்குப் பிறகு ஊரே திரண்டு பொற்கொடி வீட்டுக்கு வந்தது, குழாயைச் சாலைக்கு இந்தப் பக்கம் இழுத்துவிடச் சொல்லி. ‘நீங்க என் தொகுதி இல்லையே, மாசிலாமணிகிட்ட போங்க’ என்று அனுப்பிவிட்டாள். ‘தொட்டி அந்தம்மா தொகுதியில இருக்கு, அங்கே போங்க’ என்று மாசிலாமணி திருப்பி அனுப்பினார். அந்த வருஷம்தான் கறுப்புக்கொடி கட்டினார்கள்.

அஞ்சலை நிமிர்ந்து பார்த்தாள். “கோடு மாத்துறாங்களாமே? எங்களை இப்ப எந்தப் பக்கம் தள்ளப் போறீங்க?”

“இன்னும் முடிவாகலைம்மா.”

“எங்க மாமனார் காலத்துல நாங்க உங்க பக்கம். அப்புறம் அந்தப் பக்கம். இப்ப மறுபடியும் என்னமோ சொல்றாங்க. நாங்க எங்கேயும் போகலை. இதே வீடு, இதே சாலை.” கீற்றைத் திருப்பிப் போட்டாள். “உங்ககிட்ட சொல்லி என்ன ஆவப் போவுது. நீங்க எங்க தொகுதி இல்லை.”

பொற்கொடி திரும்பிச் சாமியைப் பார்த்தாள். சாமி சொல்வதற்கு ஏதாவது வைத்திருப்பார் என்று எதிர்பார்த்தாள்.

சாமி வாசலில் கவிழ்த்திருந்த குடத்தை எடுத்தார். “இதை ரொப்பிட்டு வரவாம்மா?”

“ஐயய்யோ, சாமி நீங்க போயி...”

அவர் அதற்குள் சாலையை நோக்கி நடந்துவிட்டார். பொற்கொடி பின்னாலேயே ஓடினாள்.

“சாமி, கூட்டத்துக்கு நேரமாச்சு. டிரைவரை அனுப்பலாம்.”

“எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல். லாரி வருதான்னு பார்த்துச் சொல்லுங்க.”

வேறு வழியில்லாமல் சாலையோரம் நின்றாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தாள். “வேணாம், நில்லுங்க. ஒண்ணு வருது. இன்னொண்ணும் வருது. இப்ப, இப்ப போங்க. வேகமா!”

போகும்போது சிரமமில்லை. நிறைகுடத்தோடு திரும்பும்போது சாமி நடுச்சாலையில் தயங்கிவிட்டார். வடக்கேயிருந்து ஒரு லாரி ஹாரனை அடித்துக்கொண்டே வந்தது, வேகத்தைக் குறைக்கவில்லை. பொற்கொடி என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் சாலையில் இறங்கி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். குடம் சாய்ந்து பாதித் தண்ணீர் இருவர் மேலும் கொட்டியது. லாரி காற்றைக் கிழித்துக்கொண்டு போனது.

“உங்களுக்குப் பைத்தியமா சாமி?” என்று கத்தினாள். “செத்திருப்பீங்க!”

வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தி சிரித்தாள். “தினமும் இப்படித்தாம்மா.”

சாமி மீதிக் குடத்தை அஞ்சலையின் வாசலில் இறக்கி வைத்தார். ஈரத்துண்டைப் பிழிந்தார். “போலாமா? நேரமாச்சுன்னீங்களே.”

கூட்ட மண்டபத்தில் உட்கார இடமில்லை. மேடையில் இருந்த அதிகாரி காலையிலிருந்து ஆட்சேபணைகளைக் கேட்டுக் கேட்டுச் சோர்ந்திருந்தார். கோயில் ஒரு தொகுதியில், தேர் ஓடும் வீதி இன்னொன்றில் என்று ஒருவர். அண்ணன் வீடு இங்கே, தம்பி வீடு அங்கே என்று இன்னொருவர். அதிகாரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மாசிலாமணியை முதலில் அழைத்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

“வடகரை ஊர்களை என் தொகுதிக்குக் கொடுத்தது சரியான முடிவு. இயற்கையே வரைந்த எல்லை ஆறு. அதை மாற்றக் கூடாது. அதேபோல, கொறுக்கைமேட்டைத் தென்மருதூரோடு சேர்த்ததும் மிகச் சரி. ஒரே சந்தை, ஒரே பஸ். கொள்வினை கொடுப்பினை எல்லாம் அங்கேதான். நிர்வாக வசதிக்கு அதுவே நல்லது.”

பொற்கொடி தன் கையிலிருந்த மனுவைப் புரட்டினாள். சந்தை என்ற வாதம் அவளுடையது. பஸ் என்ற வாதமும் அவளுடையது. அந்த ஆள் அவள் மேஜையைத் திறந்து தாளைத் திருடிவிட்டானோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அவள் முறை வந்தது. எழுந்தாள். வடகரை ஊர்களுக்காகப் பேசினாள். பாலத்தைச் சொன்னாள், சந்தையைச் சொன்னாள். குரல் உயர்ந்தது, மேஜையைத் தட்டினாள். அதில் ஒன்றையும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். புடவை முந்தானை இன்னும் ஈரமாக இருந்தது. அந்தப் பக்கத்தைப் படிக்காமல் மடித்தாள்.

“அவ்வளவுதானா?” என்றார் அதிகாரி. “கொறுக்கைமேட்டைப் பற்றியும் ஆட்சேபணை இருப்பதாகப் பதிவு செய்திருக்கிறீர்களே?”

“அவ்வளவுதான்” என்று உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி அவள் பக்கத்தில் இருந்த காவி வேட்டியைப் பார்த்தார். “சாமி ஏதாவது சொல்றீங்களா?”

சாமி எழுந்து கைகூப்பினார். “அம்மா சொல்லாம விட்டதை நான் ஆமோதிக்கிறேன்.”

அதிகாரிக்கு அது விளங்கவில்லை. எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் பேனாவைத் தூக்கியபடி விழித்தார். அடுத்த ஆளை அழைத்தார்கள்.

காரில் ஏறியதும் பொற்கொடி வெடித்தாள். “வடகரைக்காக ஒரு வார்த்தை சொல்லச் சொல்லித்தானே உங்களைக் கூட்டிட்டு வந்தேன்!”

“அதை நீங்களே நல்லா சொன்னீங்க” என்றார் சாமி. அதற்குப் பிறகு மடம் வரும் வரை தூங்கினார்.

இறுதி அறிவிப்பு வந்தது. எதுவும் மாறவில்லை. வடகரை போனது போனதுதான். கொறுக்கைமேடு அவள் தொகுதி.

அவள் செய்த முதல் காரியம் குழாயைச் சாலைக்குக் கிழக்கே இழுப்பது. எளிதில் முடியவில்லை. சாலையைத் தோண்டக் கூடாது என்றது ஒரு அலுவலகம். தோண்டாமல் அடியில் துளை போடலாம், ஆனால் எங்கள் வேலையில்லை என்றது இன்னொன்று. மூன்றாவது அலுவலகத்தில் இருந்தவர், கொறுக்கைமேடு எங்கள் பதிவுப்படி இன்னும் பழைய தொகுதியில்தான் இருக்கிறது என்றார். அவள் அவர் மேஜை முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பதிவைத் திருத்தும் வரை எழுந்திருக்கவில்லை. கடைசியில் சாலைக்கு அடியில் துளை போட்டுக் குழாய் போனது. தண்ணீர் வந்த அன்று அஞ்சலை வீட்டு வாசல் குழாயை அவளே திறந்துவிட்டாள். ஊரில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். சாலையோரம் வரிசை இல்லாமல் போனது.

அதற்குப் பிறகு தேர்தல் வந்தது. மாசிலாமணியின் கட்சி இந்த முறை அவரைத் தென்மருதூரில் நிறுத்தியது. பொற்கொடி சொற்ப ஓட்டில் தோற்றாள்.

ஒரு வாரம் கழித்து அவள் மடத்துக்கு வந்தாள். கார் இல்லை, ஆட்டோ. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

“சாமி, இந்த அநியாயத்தைக் கேட்டீங்களா?”

சாமி கூடத்தில் விளக்குகளைப் புளிபோட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். “உக்காருங்க.”

“உக்கார மாட்டேன். கொறுக்கைமேட்டு வாக்குச்சாவடிக் கணக்கைப் பார்த்தேன். மொத்தமும் அவனுக்கு! எனக்கு விழுந்ததை விரல் விட்டு எண்ணலாம். யாரைக் கேட்டாலும் என்ன சொல்றாங்க தெரியுமா? ‘தண்ணிதான் வந்துடுச்சே, மாசிலாமணி மனைப்பட்டா தர்றேன்னாரு.’ தண்ணிதான் வந்துடுச்சாம்! அது தானா வந்துச்சா?”

“தண்ணி இப்பவும் வருதா?”

“வருது, வராம என்ன. ரெண்டு வேளையும் வருது.” அதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் வந்தது. அதற்காகவும் எரிச்சல் பட்டாள். “அது கிடக்கட்டும் சாமி. கதை இன்னும் முடியலை. இன்னிக்குக் காலையில எழுந்து கதவைத் திறக்குறேன். வாசல்ல கொறுக்கைமேட்டு ஆளுங்க. அஞ்சலை முன்னால, ஊன்றுகோலை வெச்சுக்கிட்டு.”

“என்னவாம்?”

“நான் கேட்டேன், ‘ஓட்டுப் போட்டீங்களே, உங்க எம்.எல்.ஏ., அவரைப் போய்ப் பாருங்க’ன்னு. போனாங்களாம். ‘நாளைக்கு வா, நாளன்னிக்கு வா’ன்னு அலைய விடுறானாம். அதனால என்கிட்ட வந்துட்டாங்க. நான் தோத்துட்டேன்மா, எனக்கும் உங்களுக்கும் இனிமே என்ன இருக்குங்கிறேன். அஞ்சலை சொல்றா, ‘அதனால என்னம்மா, உங்ககிட்ட சொன்னா நடக்கும்’னு. கூசாம சொல்றா சாமி! ஓட்டை அவனுக்குப் போட்டுட்டு, குறையை என்கிட்ட கொண்டாறாங்க. இது எந்த ஊரு நியாயம்?”

சாமி விளக்கைக் கீழே வைத்தார். “அவங்க இப்ப எங்கே இருக்காங்க?”

“என் வீட்டு வாசல்லதான். நகர மாட்டேங்கிறாங்க. நான் கொல்லைப்புறமா கிளம்பி ஆட்டோ பிடிச்சு வந்துட்டேன்.”

“என்ன குறைன்னு வந்திருக்காங்க?”

“அதைக் கேக்கலை.”

சாமி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாசலுக்குப் போய், கிளம்பப் பார்த்த ஆட்டோவை நிறுத்தினார். திரும்பி அவளைப் பார்த்தார்.

“போய் என்னன்னு கேளுங்கம்மா. கோபப்பட அப்புறமும் நேரம் இருக்கு.”