ஆவுடையப்பனுக்கு ஓர் இடம்

மலையடிவாரத்து மடத்தில் அந்த வருடம் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களில் ஆவுடையப்பனுக்குப் புற்றுநோய் வந்து எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டது.

மருத்துவர் படங்களை உறைக்குள் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இனி ஆஸ்பத்திரியில செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை. மடத்துல வச்சும் உங்களால பாக்க முடியாது. வலி ஏறிக்கிட்டேதான் போகும். ஓடைக்கரையில இளைப்பாறல்னு ஒரு இல்லம் இருக்கு. பிழைக்க மாட்டாங்கன்னு ஆனவங்களைக் கடைசி வரைக்கும் அங்க பாத்துக்கிடுதாங்க. கொண்டு சேர்த்திருங்க."

கூடப் போயிருந்தவர் சிவசைலம். ஆவுடையப்பனும் அவரும் ஆறு வருடமாக ஒரே அறையில் படுப்பவர்கள். மருத்துவர் சொன்னதைக் கேட்டு ஆவுடையப்பன் தலையை மட்டும் ஆட்டினார். சிவசைலம்தான் உறையை இரண்டு முறை கீழே போட்டு எடுத்தார்.

மடத்துக்குத் தலைமை உலகம்மை. எல்லாரும் அம்மை என்பார்கள். வயது நாற்பத்து மூன்று. சிவசைலத்துக்கு அறுபத்திரண்டு. குருவாக இருந்தும் அம்மை அவரை அண்ணாச்சி என்றுதான் அழைப்பார். ஒவ்வொரு முறையும் சிவசைலத்துக்குக் கூச்சமாக இருக்கும்.

அவர் போய் நின்றபோது அம்மை முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். சிவசைலம் எல்லாவற்றையும் சொன்னார். பிறகு கேட்டார்.

"அது நல்ல இடமா, அம்மை?"

"நான் பாத்ததில்லையே."

"ஒண்ணுமே தெரியாம எப்படிக் கொண்டு விடுறது?"

"போய்ப் பாத்துட்டு வாங்க அண்ணாச்சி. எத்தனை ஆலையைப் பாத்தவங்க நீங்க."

அது உண்மைதான். சிவசைலம் முப்பத்தொரு வருடம் அரசாங்கத்தில் கொதிகலன் ஆய்வாளராக இருந்தவர். நூற்பாலையோ சர்க்கரை ஆலையோ, உள்ளே போவார். சின்னச் சுத்தியலால் கொதிகலனைத் தட்டுவார். சத்தத்தை வைத்தே எந்த இடத்தில் தகடு மெலிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவர் கையெழுத்துப் போட்ட கொதிகலன் ஒன்றுகூட வெடித்ததில்லை. நல்லது என்றால் நல்லது, கெட்டது என்றால் கெட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றை அவர் பார்த்ததே கிடையாது.

மறுநாள் காலை ஒரு நோட்டும் பேனாவுமாகக் கிளம்பினார்.

இளைப்பாறலில் பதினாறு கட்டில்கள் இருந்தன. ஜெபராணி என்ற செவிலியர் சுற்றிக் காட்டினார். சிவசைலம் படுக்கை விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்து மூடினார். வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் இரட்டைப் பூட்டுப் போட்ட அலமாரியில் இருந்தது. எந்த மாத்திரை யாருக்கு, எத்தனை மணிக்கு என்று பதிவேட்டில் எழுதியிருந்தது. அடித்தல் திருத்தல் இல்லை.

ஒன்பதாம் கட்டிலில் ஒருவர் அல்வா தின்றுகொண்டிருந்தார். தலைமாட்டுச் சீட்டில் சர்க்கரை நோய் என்று எழுதியிருந்தது.

"சிஸ்டர், இவருக்குச் சர்க்கரைன்னு போட்டிருக்கே?"

"ஆமா சார்."

"பின்ன அல்வா?"

"அல்வா வேணும்னு கேட்டாரு சார்."

சிவசைலம் பேனாவைத் திறந்தார். இதைக் குறை என்று எழுதுவதா, நிறை என்று எழுதுவதா? தெரியவில்லை. மூடிக்கொண்டார்.

கடைசியாகச் சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். பெயர், ஊர், வந்த நாள், இறந்த நாள். கட்டங்கள் அவ்வளவுதான்.

"குணமானவங்க கணக்கு எதுல இருக்கு?"

"அதுக்குக் கட்டம் கிடையாது சார்" என்றார் ஜெபராணி. "சில பேரு வலி அடங்கினதும் வீட்டுக்குப் போவாங்க, அவங்க இறந்த நாளையும் கேட்டு எழுதிருவோம். ஆனா இந்த நோயோட வந்து பிழைச்சவங்கன்னு யாரும் இல்லை."

சிவசைலம் பழைய பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு தேதி இருந்தது.

மடத்துக்கு வந்தவர் நேராக அம்மையிடம் போனார்.

"என்ன அண்ணாச்சி, பாத்தாச்சா?"

"பாத்தாச்சு. சுத்தமா இருக்கு. மருந்து இருக்கு. ஆளும் போதுமான அளவு இருக்கு."

"அப்ப நல்ல இடம்தானே?"

"அதைத்தான் சொல்லத் தெரியலை அம்மை. கொதிகலன் வெடிக்கலைன்னா அது நல்ல கொதிகலன். பிள்ளை தேறினா அது நல்ல பள்ளிக்கூடம். அங்க வந்த அத்தனை பேரும் செத்துப்போறாங்க. நல்லாப் பாத்தாலும் சாவுதான், மோசமாப் பாத்தாலும் சாவுதான். நான் எதை வச்சு அளக்க?"

"அங்க இருந்தவங்களைக் கேளுங்களேன்."

"இருந்தவங்கதான் யாருமே இல்லையே!"

"கூட வந்தவங்க இருப்பாங்கள்ல?"

அந்த யோசனை தனக்கு வராமல் போனதே என்று சிவசைலம் வெட்கப்பட்டார்.

அவர் அறைக்குள் போனபோது ஆவுடையப்பன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் இடுப்பு தாங்காது. வாயில் துண்டின் முனையைக் கவ்வியிருந்தார். சிவசைலத்தைக் கண்டதும் துண்டை எடுத்துவிட்டுச் சிரிக்கப் பார்த்தார்.

"எங்கவே போயிட்டு வாரீரு?"

"சும்மா, ஊருக்குள்ள."

மறுநாள் இளைப்பாறலுக்குப் போய்க் கேட்டதும் ஜெபராணி மூன்று முகவரி கொடுத்தார். அந்த வீட்டுக்காரர்களிடம் போனில் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.

முதல் முகவரி ஒரு பெயிண்ட் கடை. கடைக்காரர் பெயர் முத்துவேல். அவருடைய தகப்பனார் ஐப்பசியில் இளைப்பாறலில் இறந்திருந்தார்.

"அருமையான இடம் சார். கண்ணை மூடிட்டுச் சேர்க்கலாம். ஒரு தொல்லை கிடையாது. அப்பா போன அன்னைக்கு, சான்றிதழ்ல இருந்து வண்டி வரைக்கும் எல்லாம் அவங்களே ஏற்பாடு பண்ணிட்டாங்க. நான் போய் நின்னேன், அவ்வளவுதான்."

"கடைசி வாரம் அப்பா எப்படி இருந்தாங்க?"

"நல்லாத்தான் இருந்திருப்பாரு."

"இருந்திருப்பாருன்னா?"

"தீபாவளி வேலை பாருங்க. வெள்ளையடிக்கிற நேரம். கடையை விட்டு நகர முடியலை." முத்துவேல் ஒரு டப்பாவைத் தூக்கி அலமாரியில் வைத்தார். "அந்த சிஸ்டர் நாலு தடவை கூப்பிட்டாங்க. அப்பா உங்களைத் தேடுறாரு, ஒரு எட்டு வந்துட்டுப் போங்கன்னு. அந்த ஒண்ணுதான் சார் அவங்ககிட்டக் குறை. மத்தபடி அருமையான இடம்."

சிவசைலம் நோட்டில் 'நல்ல இடம்' என்று எழுதினார். எழுதிவிட்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வீட்டில் கதவைத் திறந்தவர் ஓர் ஆசிரியை. பெயர் தமயந்தி. இளைப்பாறல் என்ற பெயரைக் கேட்டதுமே முகம் சிவந்தது.

"அங்கயா சேர்க்கப் போறீங்க? வேண்டாம் ஐயா. எங்க அம்மாவைப் பட்டினி போட்டே அனுப்பிட்டாங்க."

"பட்டினியா?"

"கடைசி நாலு நாளும் ஒரு சொட்டு குளுக்கோஸ் ஏத்தலை. நான் சண்டையே போட்டேன். இப்ப ஏத்தினா நெஞ்சுல நீர் கோத்து மூச்சுத் திணறும்னு சொல்லிட்டாங்க. பஞ்சைத் தண்ணியில நனைச்சு உதட்டுல தடவுனாங்க. அதுவும் என் கையில கொடுத்து, நீங்களே தடவுங்கன்னாங்க. பெத்தவளுக்குப் பஞ்சைப் பிழியத்தான் அங்க கொண்டு போனேனா?"

"அம்மா பசின்னு கேட்டாங்களா?"

"கேக்கலை."

"வலி?"

தமயந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வீட்டுல இருக்கையில தெருமுனை வரைக்கும் கேக்கும் அம்மா கத்துறது. அங்க..." என்று நிறுத்தினார். "அங்க கத்தலை. என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தா."

உடனே மறுபடியும் குரல் ஏறியது. "ஆனா ஒரு சொட்டு ஏத்தலை ஐயா! நாலு நாள்!"

அழுகிறவரிடம் மேலே என்ன கேட்பது என்று தெரியாமல் சிவசைலம் எழுந்துகொண்டார். வாசலுக்கு வந்து 'மோசமான இடம்' என்று எழுதினார். முதல் வரியும் இரண்டாம் வரியும் ஒன்றின்கீழ் ஒன்றாக நின்றன. ஒருவர் சொல்ல வேண்டியதை மற்றவர் சொல்லிவிட்டாரோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

மூன்றாவது வீடு ஓட்டு வீடு. கோமு என்ற பெண் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். கணவர் கிணறு வெட்டுகிறவர். நுரையீரல் கெட்டு, கார்த்திகையில் போய்விட்டார்.

"உட்காருங்க ஐயா. போன்ல சொன்னாங்க. ஆனா எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாதே."

"நீங்க கூட இருந்தீங்களாம்மா?"

"பதினோரு நாளும் நான்தான் இருந்தேன்."

"அப்ப ராத்திரியில ஒழுங்கா வந்து பாத்தாங்களா? கூப்பிட்ட உடனே வந்தாங்களா?"

கோமுவின் விரல்கள் நின்றன. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க ஐயா. நான் தூங்கிட்டேன்."

"என்னைக்கு?"

"எல்லா நாளும். வீட்டுல அஞ்சு மாசம் கண்ணை மூடலை. அவுக மூச்சை இழுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே உக்காந்திருப்பேன். அடுத்த மூச்சு வருமா வராதான்னு இருக்கும். அங்க போன அன்னைக்கு ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்துல சாய்ஞ்சேன். முழிச்சுப் பாத்தா வெயில் வந்திருச்சு. பதறிப்போய் எழும்புனா, அவுக என்னைப் பாத்துச் சிரிக்காக. பிறகு தினமும் அப்படித்தான். மருந்து எப்பக் கொடுத்தாங்க, யாரு வந்தாங்க, ஒண்ணும் தெரியாது."

"அவரு போகும்போது?"

"அது பட்டப்பகல். முழிச்சுத்தான் இருந்தேன். பேசிக்கிட்டே இருந்தோம்." கோமு மறுபடியும் இலையை எடுத்தாள். "மத்தது ஒண்ணும் நான் பாக்கலை ஐயா. உங்களுக்கு உதவ முடியலை."

சிவசைலம் கும்பிட்டுவிட்டு வந்தார்.

மடத்துக்குத் திரும்பியபோது பொழுது சாயவில்லை. அம்மை துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"குழப்பம் கூடிப்போச்சு அம்மை. போகும்போது இருந்த தெளிவுகூட இப்ப இல்லை. தகப்பனைப் பாக்கவே போகாத மகன் அருமையான இடம்னு சொல்லுதான். பக்கத்துலயே இருந்து பஞ்சு பிடிச்ச மகள் மோசமான இடம்னு அழுதா. அவன் சொல்லுத நல்லதும் எனக்கு நல்லதாத் தெரியலை. அவ சொல்லுத கெட்டதும் கெட்டதாத் தெரியலை."

"மூணாவது வீடு?"

"அங்க தகவல் ஒண்ணும் கிடைக்கலை."

"ஆள் இல்லையா?"

"இருந்தாங்க. புருஷன் மூச்சைக் கேட்டுக்கிட்டே வீட்டுல அஞ்சு மாசம் கண்ணை மூடலையாம். பாவம், அங்க போய்த் தூங்கிட்டாங்களாம். பதினோரு ராத்திரியும்."

அம்மை ஒரு வேட்டியை உதறி, மடித்து, மேலே வைத்தார்.

"ஆவுடையப்பன் என்ன சொல்லுதாரு?"

"எதைப் பத்தி?"

"இடத்தைப் பத்தித்தான். அவருதானே போகப் போறாரு. எப்படிப்பட்ட இடம் வேணும்னு அவர்கிட்டக் கேட்டீங்களா, அண்ணாச்சி?"

சிவசைலம் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மூன்று நாளாக ஊரெல்லாம் கேட்டாயிற்று. பத்தடி தள்ளி இருந்தவரைக் கேட்கவில்லை.

அறைக்குப் போனார். ஆவுடையப்பன் தலையணையை மடியில் கட்டிக்கொண்டு குனிந்திருந்தார். துண்டின் முனை கடித்துக் கடித்து நைந்திருந்தது.

"வே, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்."

"உம்மை ஒரு இடத்துல சேர்க்கணுமாம். இளைப்பாறல்னு பேரு. போய்ப் பாத்தேன். நல்லதா கெட்டதான்னு எனக்கே தெரியலை. உமக்கு எப்படிப்பட்ட இடம் வேணும்?"

ஆவுடையப்பன் வலி ஓர் அலை அடித்து ஓயும்வரை பொறுத்திருந்தார்.

"நீரு மூணு நாளா எங்க அலையுதீருன்னு எனக்குத் தெரியும்வே. டாக்டர் சொன்னப்ப நானும்தானே இருந்தேன்."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"நீரு கேக்கலையே." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "எனக்கு வலி இல்லாத இடம் வேணும்னு கேக்க மாட்டேன். அது யாரு கையில இருக்கு? நான் ஒரு முனகல் முனகினா நீரு எழும்பி உக்காந்திருதீரு. உம்ம முகம் செத்தவன் முகம் மாதிரி ஆயிருது. அதைப் பாக்க முடியாமத்தான் இந்தத் துண்டைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கேன். வலியைவிட இதுதான்வே பெரிய பாடா இருக்கு. என்னைப் பாத்துப் பக்கத்துல இருக்கிறவன் பயப்படாத ஒரு இடம் இருந்தாச் சொல்லும். நாளைக்கே வாரேன்."

சிவசைலம் அருகே குனிந்தார். துண்டை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார். வாங்கியதை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே வெளியே வந்தார்.

அம்மை இன்னும் அங்கேதான் இருந்தார்.

சிவசைலம் ஆவுடையப்பன் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் நோட்டை அம்மையின் முன்னால் போட்டார்.

"பதினாறு கட்டிலையும் பாத்தேன். பதிவேட்டைப் பாத்தேன். மூணு வீடு ஏறி இறங்கினேன். அவரு கேக்கிற ஒண்ணு அங்க இருக்கா இல்லையான்னு மட்டும் நான் பாக்கலை. அதை எப்படிப் பாக்கிறது? யார்கிட்டப் போய்க் கேக்கிறது, அம்மை?"

அம்மை நோட்டைத் தொடவில்லை. மடித்த துணிகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"புருஷன் மூச்சை அஞ்சு மாசம் உக்காந்து எண்ணினவ, அங்க போய் விடியிற வரைக்கும் தூங்கியிருக்கா. காலையில வண்டிக்குச் சொல்லுங்க, அண்ணாச்சி."