கரடி ராஜாவின் குளியல் உத்தரவு

காட்டின் நடுவே ஒரு குளம். குளத்தை ஒட்டி ஒரு பாறை. மிருகங்கள் எல்லாம் ஒன்றுகூடி அந்தப் பாறையில் கீறிவைத்த சட்டம் இரண்டே வரிதான். மேல் வரி, "கரடிதான் ராஜா." கீழ் வரி, "குளம் எல்லோருக்கும் பொது." ராஜா போடும் உத்தரவு இந்தச் சட்டத்துக்கு ஒத்துப் போகிறதா என்று பார்ப்பது, பாறைமேல் குடியிருந்த உடும்பின் வேலை.

கரடி ராஜாவுக்குக் குளியல் பைத்தியம். ஒருநாள், "நான் குளித்து முடிக்கும் வரை யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது!" என்று உத்தரவு போட்டது. பிறகு ஒவ்வொரு முடியாக எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தது. கரடிக்கு முடிக்கா பஞ்சம்? இரண்டாம் நாள் முடிந்தும் இடது காதைத் தாண்டவில்லை.

மிளகி என்ற முயலின் நான்கு குட்டிகளும் தாகத்தில் துவண்டு கிடந்தன. பாவம், அவள் உடும்பிடம் ஓடினாள்.

"அண்ணே, புள்ளைங்களுக்கு நாக்கு வறண்டு போச்சு! இது நியாயமா?"

உடும்பு பாறையை ஒருமுறை படித்துப் பார்த்தது. "உத்தரவு செல்லாது!" என்றது.

ராஜா சொட்டச் சொட்ட ஓடி வந்தது. "என் உத்தரவைச் செல்லாதுன்னு சொல்ல நீ யாருடா? இறங்குடா கீழே!"

உடும்பு இறங்கவில்லை. ராஜா அதன் வாலைப் பிடித்து இழுத்தது. மந்திரி காட்டுப்பன்றி ராஜாவைப் பிடித்து இழுத்தது. உடும்புப் பிடி ஆயிற்றே, அசையுமா? இழுத்த இரண்டும்தான் தொபுக்கென்று குளத்தில் விழுந்தன.

"அப்படின்னா அந்தக் கீழ் வரியை அழிச்சிடு, மந்திரி!" என்று கத்தியது ராஜா.

"தாராளமா!" என்றது உடும்பு. "ஆனா ரெண்டு வரியும் எல்லாரும் சேர்ந்து ஒரே நாள்ல கீறினது. ஒண்ணை அழிக்கலாம்னா இன்னொண்ணையும் அழிக்கலாம். மந்திரியாரே, மேலேருந்து ஆரம்பிங்க!"

பன்றிக்கு வெகுநாளாக முதுகில் அரிப்பு. மேல் வரியில் முதுகை வைத்துப் பரபரவென்று தேய்த்தது. "ஆகா! என்ன சுகம்!"

"நிறுத்துடா! அது என் வரி!" என்று அலறியது ராஜா.

"அது போயிட்டா நீங்க யாரு, மகாராஜா?" என்று கேட்டாள் மிளகி.

ராஜா தலையைச் சொறிந்தது. "வெறும்... கரடி."

அடுத்த நிமிடமே உத்தரவு வாபஸ்! குட்டிகள் வயிறு முட்டக் குடித்தன. மந்திரி மட்டும், "இன்னும் கொஞ்சம் தேய்க்கட்டுமா, ராஜா?" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தது.

ஆளுகிறவருக்கு அதிகாரம் தந்ததே சட்டம்தான். அதை அழிக்கப் பார்த்தால் முதலில் போவது அவருடைய நாற்காலிதான்.